போட்டோ எடுக்க வந்தவன்

ஆரணியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பட்டுக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி, பை, திருவிழா நோட்டீஸ், இதுதான் தொழில். அதோடு வாரம் ஒரு முறை நாலு பக்கத்தில் ஓர் இலவச விளம்பரத் தாளும் போடுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் செய்தித்தாளுக்குள் செருகி வீடு வீடாகப் போய்விடும். பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை. அலமாரித் தட்டில் விரித்துக்கொள்கிறார்கள்.

ஆடி மாதம் வந்தால் தாள் முழுக்கத் தள்ளுபடி விளம்பரம் நிரம்பிவிடும். அந்தச் சமயத்தில்தான் பள்ளிகளுக்கு இடையிலான ஜோனல் கூடைப்பந்துப் போட்டிகளும் வரும். அந்த ஒரு வாரம் மட்டும் கடைசிப் பக்கத்தை எந்தக் கடைக்கும் கொடுக்க மாட்டேன். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளின் ஆண்கள் அணிகளைப் பற்றி அதில் எழுதுவேன். எட்டுப் பள்ளி, எட்டுப் பத்தி. யார் கேப்டன், போன வருஷம் ஆடியவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள், புதிதாக யார் வந்திருக்கிறார்கள், எந்த அணியை வெல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் கபடிக்கு ஊரே திரளும். கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடைப்பந்து ஆடுகிற பையன்களின் பெயரை அச்சில் பார்க்க வேண்டுமென்றால் என் தாளை விட்டால் வேறு வழியில்லை. அதனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். போன் உறைக்குள் மடித்து வைத்திருந்த பையன்களை நானே பார்த்திருக்கிறேன்.

எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பள்ளிக்கும் சாயங்காலத்தில் நேரில் போய்ப் பயிற்சியைப் பார்ப்பேன். பி.டி. மாஸ்டர்கள் எனக்குத் தடை சொன்னதில்லை. பொதுவாகப் போட்டி நெருங்கும்போது ஒரு பள்ளிக்காரர் இன்னொரு பள்ளியின் பயிற்சியைப் பார்க்கப் போவது நாகரிகமில்லை. நான் எந்தப் பள்ளிக்காரனும் இல்லை. 'இதை எழுதாதீங்க' என்று யாராவது சொன்னால் எழுத மாட்டேன். பல வருஷங்களாக அப்படித்தான் நடந்தது.

என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் இதே ஊரில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே அணியில் இருந்தோம். அவன் கேப்டன். நான் மாற்று ஆட்டக்காரன். மூன்று வருஷத்தில் நான் களத்தில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு ஆட்டம் தேறாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. அவன் ஆடுவதைப் பெஞ்சிலிருந்து பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு அவன் அதே பள்ளியில் பி.டி. மாஸ்டராகச் சேர்ந்தான். என் அப்பா வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, தினமும் பள்ளி விட்டதும் பஸ் ஏறி வந்து, நான் குளித்துச் சாப்பிட்டுத் திரும்பும்வரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். அப்பா கடைசியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தது அவன் கையால்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், நான் பள்ளிகளுக்குக் கிளம்பும் சமயத்தில் அச்சகத்துக்கு வந்தான்.

"இந்த வருஷம் நானும் கூட வரேன்டா. நீ பஸ்சுல அலைஞ்சிகினு கெடக்காத. வண்டியில போயிடலாம்."

"நீ வந்தா அவங்க இன்னா நெனப்பாங்க?"

"இன்னா நெனப்பாங்க? எல்லாம் தெரிஞ்சவங்கதானே. நீ எழுது, நான் போட்டோ எடுக்கறேன். உன் பேப்பர்ல வர்ற போட்டோவ பாத்தா பசங்களா பேயான்னு தெரியல."

சிரித்தேன். அவன் கூட வருவதில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் எங்கள் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்குப் போனோம். அங்கே இருந்த மாஸ்டர் எங்கள் இருவருக்குமே பழக்கம். அவனைப் பார்த்ததும், "இன்னாப்பா, வேவு பாக்க வந்தியா?" என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். அன்று அவர் பையன்களை லே-அப் மட்டும், அதாவது ஓடி வந்து வளையத்தில் பந்து போடும் ஆரம்பப் பயிற்சியை மட்டும், செய்யச் சொன்னார், வரிசையாக, முக்கால் மணி நேரம். இன்றைக்கு இவ்வளவுதான் என்று விசில் ஊதி அனுப்பிவிட்டார். எழுத விஷயமே கிடைக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில், அடுத்தது எந்தப் பள்ளி என்று அவன் கேட்டான்.

அடுத்து களம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளி. மண் கோர்ட். பக்கத்து அரிசி மில்லிலிருந்து உமித்தூசி பறந்து வந்து விழும். இரண்டு வளையத்திலும் வலை இல்லை. அந்தப் பள்ளிக்கு அந்த ஆண்டுதான் ஒரு பெண் பி.டி. டீச்சர் மாற்றலாகி வந்திருந்தார். வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் பக்கத்து மாஸ்டர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. நான் போனில் பேசியபோது, "எங்க பசங்களப் பத்தியா சார்? பேப்பர்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கேட் அருகே வண்டியை நிறுத்தும்போது என் நண்பன் சொன்னான்:

"நான் மாஸ்டருனு சொல்லாத. அப்புறம் டீ, பிஸ்கட்டு, எந்த ஸ்கூலு, எந்த பேட்சுனு ஆரம்பிச்சுடுவாங்க. ஜல்தியா முடிச்சிகினு கெளம்பலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. டீச்சரிடம், "நம்ம ஃபிரெண்டு, போட்டோ எடுக்க வந்திருக்காரு" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான். இன்றுவரை அதை யோசித்துப் பார்க்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

டீச்சர் சேலையை இழுத்துச் செருகி, காலில் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். பையன்கள் எல்லோரும் குள்ளம். லாரி ஓட்டுகிறவர், மில்லில் மூட்டை தூக்குகிறவர், நிலத்தில் வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைகள். பக்கத்துத் திருமலைக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் உயரம். டீச்சர் மறைக்காமல் சொன்னார்: "உயரத்துல நாங்க யாரையும் ஜெயிக்க முடியாது சார். அதனால வேற ஒண்ணு வச்சிருக்கோம். பாக்கறீங்களா?"

அவர் விசில் ஊத, பையன்கள் ஓடிப்போய் நின்றார்கள். எதிரணி வளையத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருவன் பந்தை உள்ளே போட வேண்டிய நேரம். மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக ரயில் பெட்டி மாதிரி நின்றார்கள். கடைசியில் நின்றவன் அணியிலேயே சின்னவன். முன்னால் நிற்பவர்கள் மறைத்ததில் அவன் இருப்பதே தெரியவில்லை. பந்து வைத்திருந்தவன் அதை ஒரு தட்டுத் தட்டினான். முன்னால் நின்ற மூவரும் கத்திக்கொண்டே மூன்று பக்கம் சிதறினார்கள். தடுக்க நின்ற பையன்கள் அவர்கள் பின்னால் ஓடினார்கள். சின்னவன் ஓடவே இல்லை. பொடி நடையாக வலது மூலைக்குப் போனான். பந்து அவன் கைக்கு வந்தது. நிதானமாகப் பார்த்துப் போட்டான். விழுந்தது.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் விழுந்தது. அந்தப் பையன் தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, அதே மூலையில் நின்று எறிந்து பழகுகிறானாம். பிளஸ் டூ படிக்கிறான், இதுதான் கடைசி வருஷம் என்றார் டீச்சர். பிறகு என் கையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இத மட்டும் எழுதாதீங்க சார்" என்றார்.

"மாட்டேன் டீச்சர்" என்று பேனாவை மூடிப் பாக்கெட்டில் போட்டேன்.

என் நண்பன் கோர்ட்டின் மறுபக்கம் நின்றிருந்தான். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான். அதைப் பார்த்தேன். போட்டோ எடுக்கிறான் என்றுதான் நினைத்தேன். அது முடிந்ததும் பையன்களை வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோவும் எடுத்தான். அது நன்றாகவே வந்திருந்தது. பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டேன்.

எட்டாவதாக எங்கள் பள்ளி. அவனுடைய அணி. அங்கே பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன் இருந்தான், ஆறடிக்கு மேல் உயரம். முந்தைய வருஷமே நன்றாக ஆடியவன். நான் போன அன்று மர நிழலில் உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் கட்டு.

"லிகமெண்ட்டு போச்சிடா" என்றான் நண்பன். "இந்த சீசன் அவ்ளோதான். அவன் பேரையே போட்டுடாத, ஏற்கெனவே மனசு ஒடைஞ்சி போயிருக்கான்."

பாவமாக இருந்தது. அந்தப் பையனிடம் போய் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியைப் பற்றி எழுதும்போது, இந்த ஆண்டு உயரமான ஆட்டக்காரர் இல்லாத குறை தெரியும் என்றும், முதல் சுற்றைத் தாண்டினாலே பெரிது என்றும் எழுதினேன். களம்பூர் அணியைப் பற்றி, உயரம் குறைவு என்றாலும் கவனிக்கப்பட வேண்டிய அணி என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை தாள் வந்ததும் அந்த டீச்சர் போன் செய்தார். பையன்கள் ஆளுக்கு ஒன்று கேட்பதாகவும், மிச்சம் இருந்தால் பன்னிரண்டு தாள் வேண்டும் என்றும் சொன்னார். "எழுத மாட்டேன்னு சொன்னீங்க, எழுதல. ரொம்ப தேங்ஸ் சார்." ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன்.

ஜோனல் போட்டி ஆரணியிலேயே நடந்தது. இரண்டாவது சுற்றில் எங்கள் பள்ளியும் களம்பூர் அணியும் மோதின. நான் ஸ்கோர் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளிப் பையன்கள் ஓடி வந்தார்கள். ஐந்தாவதாக அந்த ஆறடிப் பையன் வந்தான். காலில் கட்டு இல்லை. குதித்து வளையத்தைத் தொட்டுவிட்டு வந்து நின்றான். எனக்குச் சட்டென்று எதுவும் புரியவில்லை. கால் சரியாகிவிட்டது போல என்று நினைத்தேன். நல்லதுதானே என்றுகூட நினைத்தேன்.

களம்பூர்ப் பையன்கள் பயப்படாமல் ஆடினார்கள். ஓடி ஓடியே உயரத்தை ஈடு கட்டினார்கள். இடைவேளைக்குச் சற்று முன், எதிர் வளையத்துக்குக் கீழே கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து போடும் வாய்ப்பு அவர்களுக்கு வந்தது. நால்வரும் ரயில் பெட்டி மாதிரி நின்றார்கள். நான் என்னையறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

பந்தைத் தட்டினான். மூவர் சிதறினார்கள். எங்கள் பள்ளிப் பெஞ்சிலிருந்து என் நண்பனின் குரல் வந்தது.

"மூலை!"

எங்கள் பையன்களில் ஒருவனும் அந்த மூவரின் பின்னால் ஓடவில்லை. ஆறடிப் பையன் ஏற்கெனவே வலது மூலையில் நின்றிருந்தான், யாருக்கோ காத்திருப்பவன் மாதிரி. சின்னவன் நடந்து போய் அவன் முன்னால் நின்றான். பந்தும் வந்தது. அண்ணாந்து பார்த்தான். எறிந்ததை ஆறடிப் பையன் காற்றிலேயே தட்டிப் பிடித்துக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு இன்னும் இரண்டு முறை செய்தார்கள். இரண்டு முறையும் அதே குரல், அதே சொல். மூன்றாவது தடவை சின்னவன் மூலைக்குப் போகவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பந்தை வெளியில் வைத்திருந்தவன் காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்து எறிந்தான். அது எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அதன் பிறகு அவர்கள் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது.

டீச்சர் அப்போது கோர்ட்டைப் பார்க்கவில்லை. எங்கள் பள்ளிப் பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து நின்றவன் என் கண்ணுக்குள் வந்தது அந்த நேரத்தில்தான்.

ஆட்டம் முடிந்ததும் நானே டீச்சரிடம் போனேன். பையன்கள் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"அவரு யாரு சார்?" என்றார்.

"அந்த ஸ்கூலு பி.டி. மாஸ்டருங்க."

"போட்டோ எடுக்க வந்தவருன்னு சொன்னீங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர். நான் எழுதல, பாத்தீங்க இல்ல?"

"எழுதல சார். கூட்டிகினு வந்தீங்க."

குரலை உயர்த்தவில்லை. பையன்களைப் பார்த்து, பஸ்சுக்கு நேரமாயிடுச்சு என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தச் சின்னவன் கடைசியாகப் போனான். அவனுக்கு நான் யாரென்று தெரியும். வணக்கம் சொன்னான். அந்த வணக்கத்தை எப்படி வாங்கிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நான் அங்கேயே நின்றிருந்தபோது ஆறடிப் பையன் என்னிடம் ஓடி வந்தான். வியர்வையும் சிரிப்புமாக இருந்தான்.

"சார், அடுத்த வாரம் என் பேரு வருங்களா? போன வாரம் வரும்னு பாத்தேன். வீட்டுல எல்லாரும் தேடினாங்க, இல்லவே இல்ல."

"கால் எப்ப சரியாச்சு?"

"காலுக்கு இன்னா சார்?" என்றான். உடனே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அதுவா? நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கட்டு போட்டுகினு உக்காருனு சார்தான் சொன்னாரு. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

என் நண்பனைச் சாயங்காலம் டீக்கடையில் பிடித்தேன். அவனுக்கு நான் வருவேன் என்று தெரிந்திருந்தது. எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருந்தான்.

"வீடியோ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"கால்ல கட்டு?"

"அதுவும் நான்தான். இன்னாடா இப்ப? ஆட்டம்டா அது. எவன் செய்யல? சேத்துப்பட்டாரு வெறும் லே-அப் காட்டி அனுப்பினாரே, அவரு உன்ன ஏமாத்தலியா?"

"அவரு காட்டாம விட்டாரு. நீ என்னை வச்சி எடுத்துகினு வந்த."

அவன் டீயைக் கீழே வைத்தான். அவன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளி நிர்வாகத்தில் அந்தக் கூடைப்பந்துக் கோர்ட்டை எடுத்துவிட்டு பஸ் நிறுத்தப் போவதாகப் பேச்சு. இந்த வருஷமும் எதுவும் ஜெயிக்கவில்லை என்றால் கோர்ட்டும் போகும், அவன் வேலையும் பெரிய வகுப்புகளிலிருந்து சின்ன வகுப்புகளுக்குப் போகும். இதையெல்லாம் அப்போதுதான் சொன்னான். மாதக் கணக்கில் மனசுக்குள் வைத்துக்கொண்டு பேஜாராகி இருந்திருக்கிறான். கண் கலங்கித்தான் இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"சொல்லியிருந்தா கூட்டிகினு போயிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்? உன் மூஞ்சியப் பாத்தா எல்லாரும் கேட்டைத் தொறப்பாங்க. என் மூஞ்சிக்குத் தொறப்பாங்களா?" பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "உனக்குப் புரியாதுடா. நீ ஆடியிருந்தா புரிஞ்சிருக்கும்."

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை என்று முன்பே எழுதினேன். அன்று அந்த டீக்கடையில் அது உண்மையில்லை என்று ஆகிவிட்டது. நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை ஆட்டத்திலும், பெஞ்சில் இருந்த என்னை அவன் எப்படிப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைத் தாளில், கடைசிப் பக்கத்தின் மேலே கட்டம் போட்டு ஒரு குறிப்பு வெளியிட்டேன். முந்தைய இதழில் ஓர் அணியைப் பற்றி நான் எழுதியது தவறு என்றும், என்னோடு பள்ளிகளுக்குப் படமெடுக்க வந்தவர் போட்டியில் ஆடிய இன்னொரு அணியின் பயிற்சியாளர் என்றும், அதைச் சொல்லாமல் அவரை அழைத்துப் போனதற்கு நான் பொறுப்பு என்றும் எழுதினேன். பெயர் போடவில்லை. எங்கள் ஊரில் பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் குறிப்புக்குக் கீழேயே ஆறடிப் பையனின் பெயரையும் போட்டேன், நன்றாக ஆடினான் என்று. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சேத்துப்பட்டு மாஸ்டர் போன் செய்து, "நான் அன்னிக்கே கேட்டேனே" என்று சிரித்தார். என் நண்பனும் போன் செய்தான். "என் மானத்த வாங்கிட்ட இல்ல?" என்று ஒரு வரி. வைத்துவிட்டான். அவனுடைய அணி மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஆனால் ஜோனலில் வாங்கிய கோப்பை நிர்வாகத்துக்குப் போதுமானதாக இருந்தது. கோர்ட் தப்பித்தது.

தாளை எடுத்துக்கொண்டு களம்பூருக்கு நேரில் போனேன். டீச்சர் கேட் அருகிலேயே நின்று அந்தக் குறிப்பை முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பசங்ககிட்ட காட்டலீங்களா டீச்சர்?"

"வேணாம் சார். படிச்சா, ஏமாத்தினதாலதான் தோத்தோம்னு ஒரு காரணம் கெடச்சிடும். அடுத்த வருஷம் பூரா அதையே சொல்லிகினு திரிவாங்க. பிராக்டீஸ் பண்ண மாட்டாங்க."

"அந்தச் சின்ன பையன்?"

"அவனுக்கு அடுத்த வருஷம் ஏது சார்? பிளஸ் டூ இல்ல?" என்றார். பிறகு, "காலையில வர்றத நிறுத்திட்டான்" என்றார்.

உள்ளே பந்து தரையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து மாதம் நண்பனும் நானும் பேசவில்லை. சந்தை மேட்டில், பஸ் நிலையத்தில் எதிரெதிரே பார்த்தால் இருவரும் தலையைக் குனிந்துகொள்வோம். போன ஆனி மாதம் ஒரு நாள் அவன் அச்சகத்துக்குள் வந்தான். கையில் ஒரு வெள்ளைத் தாள். வீடு கட்டி முடித்திருந்தான். கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்க வேண்டும்.

"வேற யாருகிட்ட அடிப்பேன்?" என்றான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். 'தங்கள் வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே உறவினர்களின் பெயர்களோடு என் பெயரையும் எழுதியிருந்தான். அடித்துக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இல்லாமல், அவன் கேட்ட மஞ்சள் அட்டையில். விழாவுக்கும் போனேன். அவன் மனைவி, வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்ததாகச் சொல்லி என் இலையில் இரண்டாவது முறை பாயசம் ஊற்றினாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது அவன் என் தோளில் கை போட்டான். நான் விலகவில்லை.

"ஸ்கூலுக்கெல்லாம் எப்ப கெளம்பற?" என்று கேட்டான். "வண்டி சும்மாதான் நிக்குது. நான் வேணும்னா கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறேன்."

"இன்னும் முடிவு பண்ணலடா" என்றேன்.

அதற்குள் நான் ஆறு பள்ளிகளுக்குப் போய் வந்துவிட்டேன். பஸ்ஸில்தான் போனேன்.